கணையப் புற்றுநோய்: மருந்தும் கதிரும் கத்தியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இசையும் நாடகமும் நிறைந்த இந்த இனிய மாலைப் பொழுதில் நோயைப் பற்றிய பேச்சு எதற்கு என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். நம் குடியிருப்பின் வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு இதன் பொருத்தம் எளிதில் விளங்கும். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் திருவண்ணாமலையிலும் வாழும் நம் உறவினருக்குக் கடுமையான நோய் ஏதேனும் கண்டால், அவர்களுள் பலர் பெங்களூருக்கே புறப்பட்டு வருகிறார்கள். அவர்கள் வந்து இறங்கும் இடம் நம் வீடு. மருத்துவமனைக்கு வழிகாட்டுவதும், அங்கே கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் சொல்லப்படுவதைத் தமிழில் எடுத்துரைப்பதும், இறுதியில் "என்ன செய்யலாம்?" என்ற கேள்விக்கு விடை கூறுவதும் நம் பொறுப்பாகின்றன. அவ்வாறு விடை கூற நேரும்போது நம்மிடம் அச்சம் மட்டும் இருந்தால் போதாது. அறிவும் இருத்தல் வேண்டும்.

இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் கணையப் புற்றுநோய். அதிலும் ஒரு குறிப்பிட்ட நிலையைப் பற்றியே விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். கட்டி கணையத்தில் தோன்றி, அருகிலுள்ள பெரிய இரத்தக் குழாய்களைச் சூழ்ந்துகொண்டிருக்கிறது. ஆயினும் கல்லீரல், நுரையீரல் முதலிய தொலைவான உறுப்புகளுக்குப் பரவியதாகத் தெரியவில்லை. இந்நிலையில் மருத்துவர், "இப்போது அறுவைச் சிகிச்சை செய்ய இயலாது" என்று கூறுவார். இந்தச் சொல்லைக் கேட்ட குடும்பத்தார் இருவகையாகப் பொருள் கொள்ளுகின்றனர். சிலர், எல்லாம் முடிந்தது என்று நோயாளியை ஊருக்கு அழைத்துப் போய்விடுகின்றனர். வேறு சிலர், "கத்தி வைக்கத் துணிந்த மருத்துவர் எங்கேனும் இருப்பார்" என்று மருத்துவமனை மருத்துவமனையாக அலைகின்றனர். இரண்டும் பிழை. அந்த வாக்கியத்தில் "இப்போது" என்னும் சொல்லுக்கு உரிய பொருளை உணர்த்துவதே என் பேச்சின் நோக்கம்.

முதலில் கணையம் என்பது யாது என்று பார்ப்போம். இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி, ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் நீளத்தில் குறுக்காகப் படுத்திருக்கும் ஓர் உறுப்பு அது. அதன் தலைப்பகுதியைச் சிறுகுடலின் தொடக்கப் பகுதி வளைத்துக்கொண்டிருக்கிறது. வால்பகுதி மண்ணீரலை நோக்கி நீண்டிருக்கிறது. உண்ட உணவைச் செரிக்கும் நீரை அது நாள்தோறும் குடலுக்குள் சுரக்கிறது. இரத்தத்தில் சர்க்கரையின் அளவைக் காக்கும் இன்சுலினைச் சுரப்பதும் அதுவே. கல்லீரலிலிருந்து வரும் பித்த நாளம் கணையத்தின் தலைக்குள் நுழைந்தே குடலை அடைகிறது. ஆதலின் தலைப்பகுதியில் கட்டி வளர்ந்தால் பித்தம் செல்லும் வழி அடைபட்டுக் காமாலை உண்டாகிறது.

இனி, முதன்மையான செய்தி ஒன்று. கணையத்திற்கு மிக அருகில், சில இடங்களில் அதனைத் தொட்டுக்கொண்டே, உயிர்நிலையான இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. சிறுகுடல் முழுமைக்கும் இரத்தம் கொண்டுசெல்லும் தமனி அவற்றுள் ஒன்று. கல்லீரலுக்கும் இரைப்பைக்கும் மண்ணீரலுக்கும் கிளைவிடும் தமனி மற்றொன்று. குடலிலிருந்து இரத்தத்தைத் திரட்டிக் கல்லீரலுக்குள் சேர்க்கும் பெருஞ்சிரை இன்னொன்று. கட்டி இத்தமனிகளின் சுற்றளவில் பாதிக்கு மேல் பற்றிக்கொண்டாலும், சிரையை வெட்டி மீண்டும் இணைக்க இயலாதபடி அடைத்துக்கொண்டாலும், அதனை "இடத்தளவில் முற்றிய" நோய் என்று மருத்துவர் வகுக்கின்றனர். தமனியைச் சுற்றிய கட்டியை எடுக்க முயன்றால் ஒரு பகுதி அங்கேயே தங்கிவிடும். சிறு பகுதி தங்கினாலும் நோய் விரைவில் மீண்டும் தலைதூக்கும். பெரிய அறுவையின் துன்பம் முழுவதையும் நோயாளி பட்டிருப்பார். பயன் மட்டும் கிட்டியிராது. அதனால்தான் மருத்துவர் கத்தியை எடுக்கத் தயங்குகிறார்.

கணையப் புற்றுநோய் கண்டறியப்படும்போது ஏறத்தாழப் பாதிப்பேருக்கு அது தொலைவான உறுப்புகளுக்குப் பரவியிருக்கிறது. நூற்றுக்கு 15 முதல் 20 பேருக்கே உடனே அறுவை செய்யத்தக்க நிலை இருக்கிறது. எஞ்சிய ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் நான் சொல்லும் இடைநிலையில் இருக்கின்றனர். 2022ஆம் ஆண்டுக்கான உலகக் கணக்கின்படி, அவ்வாண்டில் ஏறக்குறைய 5 லட்சத்து 11 ஆயிரம் பேருக்குப் புதிதாக இந்நோய் கண்டது. ஏறக்குறைய 4 லட்சத்து 67 ஆயிரம் பேர் இதனால் இறந்தனர். இரண்டு எண்களும் எவ்வளவு நெருங்கியிருக்கின்றன என்பதைக் கண்டாலே நோயின் கொடுமை புலப்படும். மேலை நாடுகளோடு ஒப்பிட்டால் நம் நாட்டில் இந்நோய் குறைவு. இங்ஙனம் ஒப்பிட்டுக் கூறுவதற்குக் கணக்கு வேண்டுமல்லவா? தேசியப் புற்றுநோய்ப் பதிவுத் திட்டத்தின் கீழ் 1982 முதல் பெங்களூர், சென்னை, பம்பாய் ஆகிய மூன்று நகரங்களில் மக்கள்தொகை அடிப்படையில் அக்கணக்கு எடுக்கப்பட்டு வருகிறது. பெங்களூரில் அப்பணியை ஏற்றது ஓசூர் சாலையில் 1973இல் நிறுவப்பெற்ற கித்வாய் நினைவுப் புற்றுநோய் நிலையம். சென்னையில் ஏற்றது அடையாறு புற்றுநோய் நிலையம். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் முயன்று, 1954இல் பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கிய மருத்துவமனை அது. வேலைக்காக இந்நகருக்கு வந்த நமக்கு, பிறந்த மண்ணிலும் ஒரு நிலையம், பிழைக்க வந்த மண்ணிலும் ஒரு நிலையம் என இரு தூண்கள் இருப்பது ஆறுதல் தருவதாகும்.

நம் பகுதிக்கே உரிய இன்னொரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். கேரளத்திலும் தமிழகத்திலும் இளவயதினர் சிலருக்கு, மதுப் பழக்கம் சிறிதும் இல்லாதிருந்தும், கணையத்தில் நாட்பட்ட அழற்சி ஏற்பட்டுக் கற்கள் உண்டாகின்றன. சிறுவயதில் தீராத வயிற்றுவலி, பின்னர் நீரிழிவு என்று அது வளரும். கேரளத்தின் டாக்டர் கீவர்கீஸ் இதனை ஆராய்ந்து உலகறியச் செய்தார். இத்தகைய நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த சென்னை ஆய்வாளர்கள் அமெரிக்க அறிஞர்களோடு சேர்ந்து 1994இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். இவர்களுக்குக் கணையப் புற்று வரும் வாய்ப்பு மற்றவரைவிட ஏறத்தாழ நூறு மடங்கு மிகுதி என்று அது காட்டியது. ஆதலின் "கணையத்தில் கல்" என்று முன்பே சொல்லப்பட்டவர்கள், வலி திடீரென மாறினாலும், உடல் எடை குறைந்தாலும், காலம் தாழ்த்தாது மருத்துவரைக் காண வேண்டும்.

நோயின் அடையாளங்கள் யாவை? வலியில்லாத காமாலை, சிறுநீர் மிகக் கருத்தும் மலம் வெளிறியும் போதல், உடம்பெங்கும் அரிப்பு, மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும் வலி, குறிப்பாக இரவில் படுத்தால் மிகுந்து, முன்னே குனிந்து அமர்ந்தால் தணியும் வலி, காரணமின்றி உடல் மெலிதல், உடல் பருமனோ குடும்ப வரலாறோ இல்லாத ஒருவருக்கு ஐம்பது வயதுக்குமேல் திடீரென நீரிழிவு தோன்றுதல். இவையெல்லாம் புற்றுநோய்தான் என்று அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால் ஆராயாமல் விடவும் கூடாது.

காமாலையைப் பற்றி இங்கே வெளிப்படையாகப் பேச வேண்டும். காமாலை என்றதும் கீழாநெல்லியை அரைத்துக் கொடுப்பதும், பெயர்பெற்ற வைத்தியரிடம் சென்று பத்தியம் இருப்பதும் நம் வழக்கம். நம் முன்னோரின் மருத்துவத்தைப் பழிப்பது என் கருத்தன்று. கிருமியால் வரும் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானே இறங்கிவிடும். அப்போது எந்தப் பச்சிலை உண்டாலும் அதற்குப் புகழ் வந்து சேரும். ஆனால் பித்த நாளம் அடைபட்டதால் வந்த காமாலை எந்த இலைக்கும் இறங்காது. "இன்னும் ஒரு மண்டலம் பார்ப்போம்" என்று காத்திருக்கும் அந்த வாரங்களில் கட்டி தமனியை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கும். காமாலை கண்டால் முதல் வாரத்திலேயே ஓர் இரத்தச் சோதனையும் வயிற்று ஸ்கேனும் செய்துகொள்ளுங்கள். அடைப்பு இல்லையென்று அறிந்த பின்னர், வேறு எதனை எவரிடம் உண்பது என்பதைப் பற்றிப் பேசிக்கொள்ளலாம்.

இனிச் சிகிச்சைக்கு வருவோம். கணையத்தின் தலையை அகற்றும் அறுவை நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உடையது. 1909இல் ஜெர்மனியில் வால்டர் கௌஷ் என்பார் அதனை இரண்டு கட்டங்களாகச் செய்து வெற்றி கண்டார். 1935இல் அமெரிக்காவில் ஆலன் விப்பிள் அதனைச் சீர்படுத்தி வெளியிட்டார். இன்றும் அவர் பெயராலேயே அது வழங்குகிறது. கணையத்தின் தலை, சிறுகுடலின் தொடக்கம், பித்தப்பை, பித்த நாளத்தின் கீழ்ப்பகுதி ஆகியவற்றை எடுத்துவிட்டு, எஞ்சிய கணையத்தையும் பித்த நாளத்தையும் இரைப்பையையும் குடலோடு மீண்டும் இணைப்பது அவ்வறுவை. பல மணி நேரம் நீளும் பெரும்பணி அது.

கத்தியால் எட்ட முடியாத கட்டிக்கு என் செய்வது? இக்கேள்விக்குக் கிடைத்த முதல் விடை கதிர்வீச்சு. கதிர்வீச்சை மட்டும் கொடுத்தபோது பயன் சிறிதாகவே இருந்தது. 1957இல் அறியப்பட்ட ஃபுளூரோயுராசில் என்னும் மருந்தையும் உடன் கொடுத்தால், அம்மருந்து புற்றணுக்களைக் கதிருக்கு எளிதில் இரையாக்குகிறது என்று பின்னர் தெரிந்தது. 1981இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, இடத்தளவில் முற்றிய நோய்க்கு மருந்தும் கதிரும் சேர்ந்த சிகிச்சை பெற்றவர்கள், கதிர் மட்டும் பெற்றவர்களைவிட ஏறத்தாழ இருமடங்கு காலம் வாழ்ந்தனர் என்று காட்டியது. அந்த இருமடங்கும் பத்து மாதம் அளவே என்பதையும் நேர்மையோடு சொல்ல வேண்டும். ஆயினும் அன்று அது பெரிய முன்னேற்றம்.

அதன் பின்னர் மருந்துகள் வலிமை பெற்றன. 1990களில் ஜெம்சைட்டபின் வந்தது. 2011இல் பிரான்சு நாட்டு மருத்துவர்கள் மூன்று கடுமையான மருந்துகளையும் அவற்றுக்குத் துணையான ஒன்றையும் சேர்த்து ஃபோல்ஃபிரினாக்ஸ் என்னும் கூட்டை அறிவித்தனர். நோய் உடலெங்கும் பரவியவர்களிடையே, ஜெம்சைட்டபின் பெற்றவர்களின் நடுக்கணக்கு 6.8 மாதமாக இருக்க, இக்கூட்டைப் பெற்றவர்களுக்கு அது 11.1 மாதமாயிற்று. நடுக்கணக்கு என்றால், பாதிப்பேர் அதற்குக் குறைவாகவும் பாதிப்பேர் அதற்கு மேலும் வாழ்ந்தனர் என்று பொருள். எந்த ஒரு மனிதருக்கும் விதிக்கப்பட்ட கெடு அன்று அது.

இந்தக் கூட்டை இடத்தளவில் முற்றிய நோய்க்குக் கொடுத்தபோது எதிர்பாராத நன்மை ஒன்று விளைந்தது. கட்டி சிலருக்குச் சுருங்கிற்று. சிலருக்கு உயிரற்ற தழும்பாக மாறிற்று. பல நிலையங்களின் முடிவுகளைத் திரட்டி 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இந்நிலையில் இக்கூட்டைப் பெற்ற 315 பேரின் நடுக்கணக்கு 24.2 மாதம் என்று தெரிந்தது. அவர்களுள் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்குப் பின்னர் அறுவைச் சிகிச்சையும் செய்ய முடிந்தது. முன்பு "இயலாது" என்று சொல்லப்பட்டவர்களே இவர்கள். "இப்போது இயலாது" என்பதன் பொருள் இதுதான், அன்பர்களே. வரிசை மாறியிருக்கிறது. முன்னர்க் கத்தி முதலில் வந்தது. மருந்து பின்னர் வந்தது. இந்நிலையில் மருந்து முதலில் வருகிறது. தேவையானால் கதிர் அடுத்து வருகிறது. கத்தி, வரத்தக்கவருக்கு மட்டும், இறுதியில் வருகிறது.

இம்முறை எவ்வாறு நடைபெறுகிறது என்பதைச் சற்று விரிவாகக் கூறுகிறேன். உடனிருந்து பார்த்துக்கொள்ளப் போகிறவர்கள் நீங்களே அல்லவா?

முதலில், கணையத்திற்கென்றே தனி முறையில் எடுக்கும் சி.டி. ஸ்கேன். அடுத்து, எண்டாஸ்கோப்பி வழியாக ஊசி செலுத்திச் சிறு திசுவை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி. "ஊசி குத்தினால் புற்று பரவிவிடும்" என்ற அச்சத்தால் இதனை மறுக்கக் கூடாது. திசுவைப் பாராமல் இத்துணைக் கடுமையான மருந்தை ஒருவருக்குக் கொடுப்பது முறையன்று. கணையத்தில் தோன்றும் கட்டிகள் எல்லாம் ஒன்றல்ல. ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ் கணையக் கட்டி கண்டறியப்பட்ட பின்னும் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார் என்று பலர் எடுத்துக்காட்டுவர். அவருக்கு இருந்தது ஹார்மோன் சுரக்கும் அணுக்களில் தோன்றிய, மெல்ல வளரும் வேறொரு வகை. மத்திய அமைச்சராகவும் கோவாவின் முதலமைச்சராகவும் விளங்கிய மனோகர் பாரிக்கர் கணையப் புற்றோடு போராடி 2019 மார்ச்சில் மறைந்ததை நாம் அறிவோம். ஒருவருடைய கதையைக் கொண்டு மற்றொருவருடைய முடிவைக் கணித்தல் ஆகாது.

காமாலை இருப்பின், பித்த நாளத்தில் ஸ்டென்ட் என்னும் சிறு குழாயை வைத்து அடைப்பை நீக்குவர். காமாலை இறங்கினால்தான் மருந்தை உடல் தாங்கும். பின்னர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மருந்து. அதில் ஒரு பகுதி 46 மணி நேரம் சிறு பம்பு வழியாக இறங்கிக்கொண்டே இருக்கும். இவ்வாறு நான்கு முதல் ஆறு மாதம் நடைபெறும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துப் பார்ப்பர்.

இக்காலத்தில் வீட்டார் அறிய வேண்டியவை சில. ஆக்சாலிபிளாட்டின் என்னும் மருந்து பெற்ற நாட்களில் குளிர்ச்சி ஆகாது. மார்கழிக் காலையில் பெங்களூர்க் குழாய்த் தண்ணீரில் கைவைத்தால் விரல்களில் மின்சாரம் பாய்ந்ததுபோல் சுரீரென்று இருக்கும். வெந்நீர் கொடுங்கள், குளிர்பெட்டியிலிருந்து எடுத்த எதையும் கொடாதீர்கள். இரினோடீக்கான் என்னும் மருந்தால் கடும் வயிற்றுப்போக்கு வரலாம். அதற்கான மாத்திரையை முன்னரே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றிலும் முக்கியமானது காய்ச்சல். மருந்தால் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும்போது வரும் காய்ச்சல் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகலாம். "விடியட்டும், போகலாம்" என்று இராதீர்கள்; நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். உணவு செரியாமல் மலத்தில் எண்ணெய் மிதந்தால், கணைய நொதி அடங்கிய மாத்திரைகளை உணவோடு சேர்த்துக் கொடுக்க மருத்துவர் சொல்லுவார். உடல் எடை குறையாமல் காப்பது சிகிச்சையின் ஒரு பகுதியே.

அடுத்தது கதிர். வாரத்தில் ஐந்து நாள் வீதம் ஏறத்தாழ ஐந்தரை வாரம், 28 முறை, மொத்தம் ஏறத்தாழ 50 கிரே அளவில் கதிர்வீச்சு தருவது ஒரு முறை. அந்நாட்களில் கேப்சைட்டபின் மாத்திரையும் உண்ண வேண்டும். மிகத் துல்லியமாகக் குறிவைத்து, ஐந்தே அமர்வுகளில் மிகுந்த அளவு கொடுப்பது மற்றொரு முறை. கதிர்வீச்சு எடுத்துக்கொள்ளும்போது வலியில்லை. நோயாளியின் உடலிலிருந்து கதிர் வெளிப்பட்டுக் குழந்தைகளைத் தாக்கும் என்பதும் உண்மையன்று. பேரப்பிள்ளைகளை அவர் மடியில் இருக்க விடுங்கள்.

ஆனால் எல்லாருக்கும் கதிர் வேண்டுமா? இங்கே மருத்துவ உலகில் கருத்து வேறுபாடு உண்டு. பிரான்சு நாட்டார் முன்னின்று நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு மாதம் மருந்து பெற்றபின் ஒரு சாராருக்குக் கதிரும் மருந்தும், மற்றொரு சாராருக்கு மருந்து மட்டும் கொடுக்கப்பட்டன. வாழ்நாளில் வேறுபாடு இல்லை. ஆனால் கட்டி அதே இடத்தில் மீண்டும் வளர்ந்தது கதிர் பெற்றவர்களுள் நூற்றுக்கு 32 பேருக்கும், பெறாதவர்களுள் 46 பேருக்கும். மாறாக, நெதர்லாந்து நாட்டார் 246 பேரிடம் செய்த ஆய்வில், மருந்தும் கதிரும் முன்னே பெற்று அறுவைக்குச் சென்றவர்களுள் ஐந்தாண்டு கடந்தவர்கள் நூற்றுக்கு 20.5 பேர்; நேரே அறுவைக்குச் சென்றவர்களுள் 6.5 பேர். இந்நோயாளிகள் நாம் பேசும் நிலைக்கு ஒரு படி முந்திய நிலையில் இருந்தவர்கள் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். ஆதலின் கதிர் என்பது யாவருக்கும் ஒரே அச்சில் வார்த்த சிகிச்சை அன்று. நோய் பரவாமல் ஓரிடத்திலேயே நின்றிருக்கிறதா, தமனியின் விளிம்பைத் தூய்மைப்படுத்தினால் அறுவை கைகூடுமா, வலி தணியுமா என்றெல்லாம் ஆராய்ந்து, அறுவை மருத்துவரும் மருந்து மருத்துவரும் கதிர் மருத்துவரும் ஒன்றாக அமர்ந்து முடிவு செய்ய வேண்டியது அது. உங்கள் மருத்துவர் கதிர் வேண்டாம் என்றால் அதனைக் குறைவென்று கருத வேண்டாம். வேண்டும் என்றால் அதனை வீண் என்றும் கருத வேண்டாம்.

கதிர் முடிந்து சில வாரங்கள் உடல் தேற விட்டு, மீண்டும் சோதனைகள் செய்வர். இங்கே வியப்பான செய்தி ஒன்று. ஸ்கேன் படத்தில் கட்டி முன்போலவே தமனியைச் சூழ்ந்திருப்பதாகத் தோன்றலாம். திறந்து பார்த்தால் அது வெறும் தழும்பாக இருக்கலாம். படத்தால் இரண்டையும் பிரித்தறிய முடிவதில்லை. ஆதலின், நோய் எங்கும் பரவவில்லை, இரத்தத்தில் சி.ஏ. 19-9 என்னும் குறியீடு நன்றாக இறங்கியிருக்கிறது, நோயாளியும் வலுவோடு நடமாடுகிறார் என்றால், தேர்ந்த அறுவை மருத்துவர் திறந்து பார்க்க முன்வருவார். தமனியைச் சூழ்ந்த திசுவில் சிறிது எடுத்து அப்போதே நுண்பெருக்கியில் பார்ப்பர். புற்றணு இல்லையெனில் மேலே செல்வர். தேவையானால் சிரையின் ஒரு பகுதியை வெட்டி இணைப்பர். புற்றணு இருப்பின் மேற்கொண்டு அறுக்காமல் மூடிவிடுவர். அவ்வாறு மூடியதை மருத்துவரின் தோல்வியென்று எண்ணாதீர்கள். பயனற்ற துன்பத்திலிருந்து அவர் நோயாளியைக் காத்திருக்கிறார்.

இவ்வறுவையை எங்கே செய்துகொள்வது என்பது உயிர் சார்ந்த கேள்வி. 2002இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வின்படி, கணைய அறுவை மிக அரிதாக நடக்கும் மருத்துவமனைகளில் நூற்றுக்கு 16 பேர் இறந்தனர். மிகுதியாக நடக்கும் மருத்துவமனைகளில் இறந்தவர் 4 பேரே. வீட்டுக்கு அருகில் உள்ளது, கட்டடம் பெரியது என்பனவற்றைக் காட்டிலும், "ஆண்டுக்கு எத்தனை கணைய அறுவைகள் இங்கே நடைபெறுகின்றன?" என்ற கேள்வியே பெரிது. அதனைக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. நோய் பரவியிருக்கிறதா, எந்த இரத்தக் குழாயைப் பற்றியிருக்கிறது, இச்சிகிச்சையின் நோக்கம் குணமா அல்லது வாழ்நாளை நீட்டித்துத் துன்பம் தணிப்பதா, இரவில் காய்ச்சல் வந்தால் யாரை அழைப்பது என்னும் கேள்விகளையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.

பொருட்செலவைப் பற்றியும் ஒரு சொல். கர்நாடகக் குடும்ப அட்டை உள்ளவர்களுக்கு 2018இல் தொடங்கப்பெற்ற ஆயுஷ்மான் பாரத் – ஆரோக்கிய கர்நாடகத் திட்டம் உண்டு. ஊரிலிருந்து வருவோருக்குத் தமிழ்நாட்டு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் உண்டு. ஆலைத் தொழிலாளர் பலருக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு. எந்தத் திட்டம் எந்த மருத்துவமனையில் எந்தச் சிகிச்சைக்குப் பொருந்தும் என்பதை நகையை அடகு வைப்பதற்கு முன்னரே கேட்டறியுங்கள்.

நிற்க. நால்வரில் ஒருவருக்கு அறுவை கைகூடுகிறது என்றேன். மற்ற மூவர்? அவர்களைப் பற்றிப் பேசாமல் முடித்தால் என் பேச்சு முழுமை பெறாது. மருந்தால் அவர்களுக்கும் நாட்கள் நீள்கின்றன. அவற்றுள் பல நல்ல நாட்களாகவே இருக்கின்றன. ஒரு கட்டத்தில் மருந்து பயன் தருவது நின்றுவிடும். அப்போது வலி நீக்குதலே முதற்கடமை. மார்ஃபின் கொடுப்பதைக் கண்டு அஞ்ச வேண்டாம். வயிற்றின் நரம்புத் திரளில் ஊசி செலுத்தி வலியை அடக்கும் முறையும் உண்டு. நம் நகரில் கருணாஸ்ரயா என்னும் இல்லம், முற்றிய புற்றுநோயாளிகளைக் கட்டணம் ஏதுமின்றி ஏற்றுப் பேணி வருகிறது. அங்கே அனுப்புவதைக் கைவிடுதல் என்று கருதுவோர் உண்டு. துடிக்கும் ஒருவருக்கு வலியில்லாத இரவொன்றைத் தேடித் தருவது கைவிடுதல் ஆகுமா?

நோயாளியிடம் உண்மையை மறைப்பதும் நம்மிடையே வழக்கமாக இருக்கிறது. "அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள், டாக்டர்" என்று மகன் மருத்துவரைத் தனியே அழைத்துச் சொல்லுகிறார். அன்பினால் எழுந்த வேண்டுகோள்தான். ஆயினும் ஆறு மாதம் கடுமருந்து உண்ணப் போகிறவர், அது எதற்காக என்று அறியாமல் எவ்வாறு ஒத்துழைப்பார்? அறுவைக்குச் சம்மதமா, போதுமா என்பதை முடிவு செய்யும் உரிமை அவருக்கே உரியது. மென்மையாக, அவர் கேட்கும் அளவுக்கு, அவருடைய தாய்மொழியில் சொல்ல வேண்டும். வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தபோது, நோயாளியையும் மருத்துவரையும் மருந்தையும் சொன்னதோடு நில்லாமல், உடனிருந்து கொடுப்பவரையும் ஒரு கூறாகச் சேர்த்தார். அந்த நான்காவது இடம் நம்முடையது.

ஆகவே, இச்சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள் விடுத்து என் உரையை முடித்துக்கொள்கிறேன். தமிழும் கன்னடமும் ஆங்கிலமும் அறிந்த இளைஞர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். அவர்களுள் பத்துப் பேர் தம் பெயரைச் சங்கத்தில் பதிவு செய்யட்டும். ஊரிலிருந்து சிகிச்சைக்காக வருவோரோடு மருத்துவமனைக்குச் சென்று, மருத்துவர் கூறுவதை ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் தமிழில் எடுத்துரைப்பது அவர்கள் பணியாகட்டும். ஸ்கேன் படங்களையும் பயாப்ஸி முடிவையும் மருந்துச் சீட்டுகளையும் தேதி வரிசையில் ஒரே கோப்பில் சேர்த்து வைக்கவும் அவர்கள் உதவட்டும். "இப்போது அறுவை செய்ய இயலாது" என்று மருத்துவர் சொல்லும்போது, "இயலாது" என்பதை மட்டும் மொழிபெயர்த்து "இப்போது" என்பதை விட்டுவிடாத ஒருவர் அருகில் இருந்தால், ஒரு குடும்பம் நம்பிக்கை இழந்து பேருந்து ஏறாமல் தடுக்கலாம். பொய்யான நம்பிக்கையில் வீட்டை விற்காமலும் காக்கலாம்.